பக்கத்து வீட்டுப் பங்கு

தை பிறக்க இன்னும் சில நாட்கள்தான். திருகோணமலை உவர்மலையில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது யன்னலுக்கு வெளியே மார்கழி மழை விடாமல் பெய்கிறது. குசினியில் பயறு வறுத்து ஆற வைத்திருக்கிறேன், வீடு முழுக்க அந்த மணம்.

முப்பத்திரண்டு வருடம் மனையியல் படிப்பித்ததால் இந்தப் பக்கத்திலும் எனக்கு ரீச்சர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. வழக்கமாக வடை எண்ணெய் குடிக்கிறது, உழுந்து பொங்கவில்லை என்றுதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கடிதங்கள், எல்லாம் பொங்கலைப் பற்றி. பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டு இரண்டு பக்கம் கூட்டி வாங்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோவில் இருக்கிறோம். தைப்பொங்கலன்று இங்கே சூரியன் எழும்புவதே இல்லை. நண்பகலில் கொஞ்சம் வெளிச்சம், பிறகு இருட்டு. சூரியன் இல்லாமல் யாருக்குப் பொங்குவது என்று மகன் கேட்கிறான். சூரியன் திரும்பி வரும் நாளில் பொங்கினால் பிழையா?
— இரண்டு பிள்ளைகளின் அப்பா, ட்ரொம்சோ

உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி தம்பி. அவனுக்கு முதலில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். திருகோணமலைக்கு வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் இழுக்கும். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு தைப்பொங்கலன்று விடியவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு மழை. முற்றத்தில் அம்மா முதல்நாள் மெழுகிக் கோலம் போட்ட இடம் குளமாகிவிட்டது. அப்பா மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தார். ஈர விறகு, ஒரே புகை. கிழக்கே கோணமலை இருக்கும் திசையில் வெறும் சாம்பல் நிறம். "அவர் அங்கேதான் நிற்கிறார், நீ தேங்காயைத் திருவு" என்று மட்டும் அப்பா சொன்னார். பால் பொங்கியது. சூரியன் அன்று முழுக்க வெளியே வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் யாரும் பொங்கலைத் தள்ளிப்போடவில்லை.

தைப்பொங்கல் சூரியன் மகர ராசிக்குள் போகும் நாள். அது கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நடக்கிற காரியம். ஆகவே அன்றைக்கே பொங்குங்கள். நண்பகலை ஒட்டித் தெற்கு அடிவானம் கொஞ்சம் சிவக்கும் அல்லவா? அடிவானத்துக்குக் கீழே சூரியன் நிற்கிற இடம் அது. அந்த நேரத்தில் பானையை வையுங்கள். மகனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிவப்பைக் காட்டுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது யோசனை. அதையும் விட வேண்டாம். உங்கள் ஊரில் மாரிகால இருட்டு நவம்பர் முடிவில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை போகும். தெற்கே மலை மறைப்பதால் நகரத்துக்குள் சூரியன் தெரிய ஏறத்தாழ ஜனவரி 21 ஆகும். அன்றைக்கு அந்த ஊர்ச் சனங்கள் சூரிய நாள் என்று கொண்டாடி, நடுவில் பழப்பாகு வைத்த உருண்டைப் பணிஸ் சாப்பிடுவார்கள். சூரிய பணிஸ் என்றே அதற்குப் பெயர். சூரியன் வந்ததற்கு இனிப்புச் சாப்பிடுகிற ஊரில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்! 21 ஆம் தேதி இன்னொரு சின்னச் சட்டியில் புக்கை, அதாவது சர்க்கரைப் பொங்கல் செய்து, சிறு கிண்ணங்களில் போட்டு, படிக்கட்டில் உள்ள அத்தனை வீட்டுக்கும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். இது எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டியே இருக்காது. அந்த ஊர்க்காரரைப் போல இதை விளங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

கேள்வி: தமிழ்க் கடையில் மண்பானை வாங்கினேன். இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஏறவில்லை. என்ன செய்யலாம்?
— வாசகி, பேர்ண், சுவிட்சர்லாந்து

ஏறாது. அந்த அடுப்பு காந்தத்தால் வேலை செய்வது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். மண்ணும் செம்பும் சரிவராது. சாதாரணக் கண்ணாடி அடுப்பிலும் மண்பானையை ஏற்ற வேண்டாம். அடி உருண்டையாக இருப்பதால் சரியாக நிற்காது, வெடிக்கவும் கூடும். மண்பானையில் மஞ்சள் இலை கட்டி, அரிசி நிரப்பிப் படையலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பொங்குவதற்குத் தட்டையான அடியுள்ள, காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பானை போதும். நூல் சுற்றித் திருநீறு பூசினால் அதுவும் பொங்கல் பானைதான்.

ஒரு கவனம்: பால் மட்டும் பொங்கி வழியட்டும். சர்க்கரை போட்ட பிறகு கண்ணாடி அடுப்பில் ஒரு துளியும் வழிய விடாதீர்கள். சர்க்கரை ஆறி இறுகினால் கண்ணாடியையே பெயர்த்துக்கொண்டு வரும். என் மகள் வீட்டு அடுப்பில் இன்றைக்கும் ஒரு வடு இருக்கிறது, அது நான் வைத்தது.

கேள்வி: நான் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். அவர் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்குத்தான் வருவார். எனக்கு ஒன்பது மணிக்கு வேலை. மகனுக்கு பதின்மூன்று வயது, மகளுக்கு ஒன்பது. புக்கை வேண்டாம், பீட்சா போதும் என்கிறார்கள். இங்கே கடைகளில் பொங்கல், வடை, கறி எல்லாம் பெட்டியில் போட்டுக் கிடைக்கிறது. ஓடர் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? அம்மாவிடம் சொன்னால் அழுவார், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.
— ஒரு தாய், ஸ்காபரோ

மகள், முதலில் ஒன்று. இரண்டு பேரும் இரவும் பகலும் மாறி மாறி உழைக்கிற வீட்டில் பெட்டிச் சோறு வாங்குவது குற்றமே இல்லை. அம்மா அழுதால் என் பெயரைச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். வடையை வாங்குங்கள், மத்தியானக் கறியை வாங்குங்கள். எங்கள் அம்மா பொங்கலன்று மத்தியானம் பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், கீரை, சொதி, அப்பளம், மோர்மிளகாய் என்று அடுக்குவார். அதற்கு வீட்டில் மூன்று பெண்கள் விடிய நாலு மணியிலிருந்து நின்றார்கள். ஸ்காபரோவில் தனி ஒருத்தி அதைச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. புக்கையை மட்டும் வீட்டில் செய்யுங்கள். அதை வாங்க வேண்டாம். மற்றதெல்லாம் சாப்பாடு. புக்கை ஒன்றில்தான் எல்லோருக்கும் ஒரு கைவேலை இருக்கிறது, பால் பொங்குவதைப் பார்க்க எல்லோரும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டியும் இருக்கிறது.

உங்கள் நேரக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி நடுவில் ரொறன்ரோவில் சூரியன் எழும்ப ஏழே முக்காலைத் தாண்டும். அவர் ஏழு மணிக்கு வந்து குளித்துவிட்டு வந்தால் நேரம் சரி. எங்கள் ஊரில் என்றால் ஆறரைக்குள் பொங்கி முடித்திருக்க வேண்டும். கனடா உங்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடத் தந்திருக்கிறது.

முதல்நாள் இரவே பயற்றம் பருப்பை வறுத்து வையுங்கள். சர்க்கரையைச் சீவி, கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடித்து வையுங்கள். சர்க்கரையில் சில வேளை மண் இருக்கும். கஜூவையும் முந்திரிகை வத்தலையும் நெய்யில் பொரித்து மூடி வையுங்கள். காலையில் பானையில் தண்ணீரும் பாலும். பெரியவன் அடுப்புக்குப் பொறுப்பு, பொங்குவதைப் பார்த்து "பொங்குது!" என்று கத்த வேண்டியது அவன் வேலை. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் சீனவெடி கொளுத்துவார்கள், உங்களுக்கு அவன் குரல் போதும். பொங்கியவுடன் அப்பா இரண்டு கையாலும் அரிசி அள்ளிப் பானையைச் சுற்றி மூன்று முறை காட்டிப் போடட்டும், பிறகு நீங்கள், பிறகு பெரியவன், கடைசியாகச் சின்னவள். அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகுதான் சர்க்கரை. முந்திப் போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, பல்லில் கடிபடும். பிள்ளைகள் புக்கையை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி இனிப்புக் கூடுவது. இங்கே நாங்கள் ஒரு சுண்டு அரிசிக்கு ஒரு சுண்டு சர்க்கரை போடுவோம். நீங்கள் அரைச் சுண்டு போட்டு ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். இனிப்பு வேண்டியவர்கள் மேலே வாழைப்பழம் பிசையலாம்.

இப்போது நான் உங்களிடம் கேட்கும் ஒன்று. அந்தப் பானையில் இருந்து இரண்டு பங்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். ஒன்று பக்கத்து வீட்டுக்கு, அவர்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும். கொண்டு போவது உங்கள் பெரியவன். வெட்கப்படுவான், பரவாயில்லை. நாங்கள் எல்லோரும் அந்த வயதில் வெட்கப்பட்டுக்கொண்டுதான் தட்டுத் தூக்கினோம். மற்றது சின்னவளின் வகுப்பு ரீச்சருக்கு. கனடா நாடாளுமன்றம் 2016 இல் ஜனவரியைத் தமிழ் மரபுரிமை மாதம் என்று ஏற்றுக்கொண்டது, ஆகவே அந்த ரீச்சருக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அந்தப் பங்கில் மட்டும் கஜூ போடாதீர்கள், பள்ளிகளில் கொட்டை வகைகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். எதற்கும் முதல்நாள் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டு வீடுகளில் விடுபட்டுப் போவது இந்த ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். அரிசியும் சர்க்கரையும் எங்கேயும் கிடைக்கிறது. சமைக்கிறார்கள், படைக்கிறார்கள், படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். பிள்ளைக்கு அது வீட்டுக்குள் நடக்கிற ஒரு இரகசியச் சடங்காகிவிடுகிறது. "இது எங்கள் வீட்டுப் பொங்கல், உங்களுக்காகக் கொண்டு வந்தேன்" என்று அடுத்த கதவைத் தட்டிச் சொன்ன பிள்ளை பிறகு ஒருநாளும் புக்கை வேண்டாம் என்று சொல்வதை நான் காணவில்லை.

பீட்சாவை இரவைக்கு வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் இலங்கைப் பஞ்சாங்க நேரத்தை எப்படி மாற்றுவது?
— வாசகர், மெல்பேர்ண்

இரண்டும் இரண்டு விதம். பொங்கல் உங்கள் ஊர்ச் சூரிய உதயத்துக்கு. அதற்கு இலங்கை நேரம் தேவையில்லை. வருடப்பிறப்பு, சூரியன் மேட ராசிக்குள் போகும் ஒரு கணம். உலகம் முழுக்க அது ஒரே கணம், மணிக்கூடு மட்டும்தான் வேறு. சித்திரையில் மெல்பேர்ண் எங்களைவிட நாலரை மணித்தியாலம் முன்னால். ஏப்ரல் முதல் ஞாயிறன்று உங்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள் அல்லவா, அதன் பிறகுள்ள கணக்கு இது. தையில் என்றால் ஐந்தரை. இலண்டன்காரர் சித்திரையில் நாலரை மணித்தியாலம் கழிக்க வேண்டும், ரொறன்ரோக்காரர் ஒன்பதரை. அவர்களுக்குச் சில வருடம் முதல்நாளே பிறந்துவிடும். வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் நேரம் வித்தியாசப்படும், உங்கள் வீட்டில் எதைப் பார்த்தார்களோ அதைப் பாருங்கள்.

முற்றத்தில் விறகு மூட்டப் போகிறீர்கள் என்றால், அன்றைக்குத் தீத்தடை நாளா என்று முதலில் பார்க்க வேண்டும். தை மாதம் உங்களுக்கு நடுக்கோடை.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு வந்து நாலு மாதம். ஐந்து பேருக்கு ஒரு குசினி. என்னிடம் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் ஒரு சட்டியும்தான். வீட்டை விட்டு முதல் பொங்கல். செய்யாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், பிறகு மனம் கேட்கவில்லை.
— பாலையூற்றுப் பொடியன், கவென்ட்ரி

விட வேண்டாம் மகன். நானும் ஒரு முறை வெளிநாட்டில் பொங்கியிருக்கிறேன். 2016 தை, மகளின் பிள்ளைப்பேறு பார்க்க நோர்வேயின் பேர்கனுக்குப் போயிருந்தேன். விடிய ஒன்பதரை ஆகும், விடிந்தாலும் மழை. அந்த மழை ஒன்றுதான் எங்கள் ஊரை நினைப்பூட்டியது. பச்சையரிசி தேடிக் கடைக்குப் போனால் பாஸ்மதியும் புழுங்கலும்தான் இருந்தன. பாஸ்மதி குழையாது, ஒவ்வொரு மணியும் தனித்தனியே நிற்கும். புழுங்கலில் பால் ஏறாது. கடைசியில் மகளின் அலுமாரியில் ஒரு பைக்கற்றைக் கண்டேன். கஞ்சி காய்ச்சுவதற்கென்றே அந்த ஊரில் விற்கும் குண்டு அரிசி. தயங்கித்தான் போட்டேன். எங்கள் தம்பலகாமத்துப் பச்சையரிசி அளவுக்கு மணம் இல்லை, ஆனால் குழைவு அப்படியே வந்தது. உங்கள் ஊரில் அதே மாதிரிக் குண்டு அரிசியைப் பால் புடிங்குக்கென்று எந்தக் கடையிலும் வைத்திருப்பார்கள். சுஷி அரிசியும் சரிவரும்.

செய்முறை: ஒரு பேணி அரிசி, கால் பேணி பயற்றம் பருப்பு. பருப்பைச் சட்டியில் எண்ணெய் விடாமல் பொன்னிறமாக வறுத்து, இரண்டையும் கழுவி வையுங்கள். சட்டியில் ஒரு பேணி பால் காய்ச்சிப் பொங்க விடுங்கள். குக்கரில் பொங்குவதைப் பார்க்க முடியாது, அதனால் இதைச் சட்டியில் செய்ய வேண்டும். பொங்கியதும் பாலைக் குக்கரில் ஊற்றி, மூன்றரைப் பேணி தண்ணீரும் விட்டு, அரிசி பருப்பைப் போடுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, கஞ்சி நுரைத்து வெளியே வந்துவிடும். சின்னக் குக்கர் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள். நன்றாகக் குழைந்தபின் முக்கால் பேணி சர்க்கரையைக் கரைத்து வடித்து ஊற்றி, அரை டின் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, மூடியைத் திறந்தபடி கிளறிக்கொண்டே ஐந்து நிமிடம் விடுங்கள். கட்டித் தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் விட வேண்டும், நெடுநேரம் கொதித்தால் திரைந்து எண்ணெய் கக்கும். ஏலக்காய் மூன்றை நசித்துப் போட்டு இறக்குங்கள். சாம்பிராணி மட்டும் கொளுத்தாதீர்கள். அலாம் அடித்துக் கட்டடம் முழுக்க வெளியே பனியில் நிற்க வேண்டி வரும்.

பிறகு உங்கள் குசினியில் உள்ள மற்ற நாலு பேரையும் கூப்பிடுங்கள். பேர்கனில் கீழ்மாடியில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். எனக்கு நோர்வே மொழி வராது, அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். புக்கைக் கிண்ணத்தை நீட்டினேன். ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு எங்கள் நத்தார்க் கஞ்சி என்றார். அவர்களும் அந்தக் குண்டு அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, சீனியும் கறுவாத் தூளும் போட்டு, ஒரேயொரு பாதாம் பருப்பை உள்ளே ஒளித்து வைப்பார்களாம். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு. இதையெல்லாம் அவர் கையாலும் கண்ணாலும்தான் எனக்குச் சொன்னார். அடுத்த ஞாயிறு கிண்ணம் திரும்பி வந்தது, வெறுங்கிண்ணமாக அல்ல. தோசை போல மெல்லிதாகச் சுட்டு, வெண்ணெயும் சீனியும் தடவி மடித்த லெஃப்ஸெ என்ற பலகாரம் அதில் இருந்தது. வெறுந்தட்டுத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னது? நான் படிக்கட்டிலேயே நின்று அழுதுவிட்டேன் மகன்.

உங்கள் அம்மாவுக்குக் கூப்பிட்டு, பால் பொங்கும்போது சத்தத்தைக் கேட்கக் கொடுங்கள். அந்த நேரம் இங்கே எங்களுக்கு மத்தியானம் கடந்திருக்கும். அவர் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: நான் கிண்ணியா. இப்போது பர்மிங்ஹாமில் குடும்பத்தோடு இருக்கிறேன். கீழ்வீட்டில் நம்ம திருகோணமலைத் தமிழ்க் குடும்பம் ஒன்று. இரண்டு வருடமாகப் பொங்கலுக்கு எங்களுக்குத் தருகிறார்கள். உம்மா, சாமிக்குப் படைத்ததாக இருக்குமோ என்று தயங்குகிறார். அவர்களிடம் கேட்கவும் எனக்குக் கூச்சம். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலாப்பம் கொடுக்கவும் ஆசை.
— வாசகர், பர்மிங்ஹாம்

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கிண்ணியாவிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவரும் ஒரு காக்கா இருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்ததுதானே. அந்தக் காலத்தில் அவர் தயிர்ச் சட்டிகளைக் கட்டிக்கொண்டு, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடந்து வர வேண்டும். பொங்கலன்றும் வருவார். அம்மா பானையை இறக்கியதும், படையலுக்கு எடுக்கமுன், ஒரு பங்கை வேறு கிண்ணத்தில் போட்டு மூடிக் குசினித் தட்டில் வைத்துவிடுவார். "இது காக்காவுக்கு, படைக்கமுன் எடுத்தது" என்று அவரிடம் சொல்லியே கொடுப்பார். அவரும் வாங்கிக்கொண்டு போவார். சாமிக்கு முன்னால் அயலவருக்கு எடுத்ததைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடந்தது.

ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள் தம்பி. "உம்மாவுக்குப் படைக்கமுன் எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டால் போதும். திருகோணமலைக்காரருக்கு அது புதிய கேள்வியாக இருக்காது. அவர்கள் மறந்திருந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வட்டிலாப்பத்தில் முட்டை சேரும். அவர்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களா, அன்று விரத நாளா என்று நீங்களும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை பெருநாள் வந்தால் பேரீச்சம்பழமும் பழங்களும் கொடுத்துவிட்டு, வட்டிலாப்பத்தை அடுத்த நாள் கொடுங்கள். எங்கள் காக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். சனிக்கிழமை காலையில் வட்டிலாப்பம் வரும் என்று நாங்கள் பிள்ளைகள் படலையில் நிற்போம்.

கேள்வி: அம்மா ஊரில், திருகோணமலையில், தவறி எட்டு மாதம். வதிவிடப் பேப்பர் கிடைக்காததால் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. ஆட்டைத் திவசம் முடியும்வரை பொங்கக் கூடாது என்று அண்ணா சொல்கிறார். அவர் அம்மாவின் வீட்டில் இப்போது தனியாக இருக்கிறார். என் மகளுக்கு ஐந்து வயது, பொங்கல் பானை ஒன்று கீறிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?
— ஒரு மகள், லா கூர்நெவ், பிரான்ஸ்

அண்ணா சொல்வதுதான் எங்கள் வழக்கம் அம்மா. வருடம் திரும்பும்வரை அந்த வீட்டில் பானை வைப்பதில்லை. ஆனால் பொங்காத வீட்டிலும் அன்றைக்குப் புக்கை இருக்கும். அதை அயலவரும் உறவுக்காரரும் கொண்டுவந்து தருவார்கள்.

கடல் வந்தது 2004 டிசம்பர் 26. பொங்கல் பத்தொன்பதாம் நாள். எங்கள் ஒழுங்கையில் அந்தத் தையில் ஒரு வீட்டிலும் பால் பொங்கவில்லை. தெரிந்தவர்கள் யாரோ ஒருவரை எல்லோரும் இழந்திருந்தோம். தயிர்க் காக்காவின் குடும்பத்திலும் போனார்கள். பத்து மணி போல் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களக் குடும்பம், அப்பாவோடு முன்பு வேலை செய்தவர், பெரிய சட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். "இன்றைக்கு உங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டீர்கள் என்று தெரியும்" என்றார் அந்த அம்மா. ஒவ்வொரு தைக்கும் அவர்கள் வீட்டுக்கு எங்கள் தட்டுப் போயிருந்தது. அதனால் எங்களுக்கு அது என்ன நாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் இருக்கும் இடத்தில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. பழக்கமான ஒரு வீட்டில் "இந்த வருடம் நாங்கள் பொங்குவதில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கும், கொண்டுவருவார்கள். மகளிடம், இந்த வருடம் அம்மம்மாவுக்காக மற்ற வீட்டுக்காரர் எங்களுக்குப் பொங்கித் தருகிறார்கள் என்று சொல்லுங்கள். வந்த புக்கையில் ஒரு கரண்டியை அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றுங்கள். அவர் புக்கையை எப்படிச் சாப்பிடுவார், பழம் பிசைந்தா, தயிரோடா, வெறுமனேயா என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தட்டை இந்த ஒரு முறை வெறுந்தட்டாகக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். சுவரில் ஒட்டிய படத்தைக் கழற்ற வேண்டாம்.

அம்மாவின் வீடு எந்த வீதியில் என்று நீங்கள் எழுதவில்லை. அண்ணாவிடம் கேட்டு, பொங்கலுக்கு முன் எனக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மழை என்றாலும் பரவாயில்லை, ஓட்டோவில் வந்துவிடுவேன். எட்டு மணிக்குள் அவருக்கு ஒரு தட்டு வந்து சேரும்.